திரை 15 விநாடியில் அணைகிறது, ஜீப்பில் சுற்றுகிறது, பாக்கெட்டில் தானாக எரிகிறது: என்ன செய்யலாம்?

மெட்டுக்காரன் | சனி, இரவு 9.10

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கம்பம். வேலை கேரளாவில், வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போய், சாயங்காலம் இறங்கி வருவேன்.

சாயங்காலம் காய் எடை போடும்போதுதான் பிரச்சினை. ஒவ்வொருவர் சாக்காகத் தராசில் வைப்பார்கள், நான் போனில் எடையை ஏற்றுவேன். ஒரு சாக்கு இறங்கி அடுத்தது ஏற எப்படியும் 20, 30 விநாடி ஆகும். அதற்குள் திரை அணைந்துவிடும். கை ஈரம். கைரேகை எடுக்காது. பேட்டர்ன் போட்டால் விரல் வழுக்கிப் பாதியில் நிற்கும். நாற்பது பேர் என்றால் நாற்பது தடவை இதே கூத்து. சாரலில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு அந்த அக்காமார் நிற்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அவர்களுக்குக் கீழே போகும் ஜீப்பைப் பிடிக்க வேண்டும்.

ஸ்கிரீன் டைம்அவுட்டை 10 நிமிடத்தில் வைத்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் சரியாக இருக்கும், அப்புறம் பார்த்தால் மறுபடி 15 விநாடி.

இரண்டாவது, ஜீப்பில் வரும்போது அன்றைய எடைப் பட்டியலைச் சரிபார்ப்பேன். ஒவ்வொரு வளைவிலும் திரை படுக்கையாகப் புரளுகிறது. மூன்றாவது, சட்டைப் பாக்கெட்டில் தானே எரிந்து, போன வாரம் இரவு 11 மணிக்குத் தோட்ட முதலாளிக்கு அழைப்பே போய்விட்டது. அவர் பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டார்.

ஆண்ட்ராய்டு 13. வாங்கி ஒன்றரை வருடம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நகரி தறிக்காரர் | சனி, இரவு 9.35

தம்பி, முதலில் பேட்டரி சேவரைப் பாருங்கள். பல கம்பெனி போன்களில் அது தானாக ஓடத் தொடங்கினால் வெளிச்சத்தைக் குறைப்பதோடு திரை அணையும் நேரத்தையும் வெட்டிவிடும். சார்ஜ் எத்தனை சதவீதத்துக்கு இறங்கும்போது அது தொடங்கும் என்று பேட்டரி மெனுவிலேயே இருக்கும். மலைமேல் சிக்னல் கம்மியாக இருந்தால் டவரைப் பிடிக்கவே போன் சார்ஜைத் தின்னும். சாயங்காலம் எடை போடும் நேரத்துக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

---

மெட்டுக்காரன் | சனி, இரவு 9.50

அண்ணே, சரியாகக் கேட்டீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கே 20 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒரு விஷயம் உதைக்கிறது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் 100 காட்டும்போது செட்டிங்ஸைத் திறந்தாலும் 15 விநாடி என்றே நிற்கிறது. பேட்டரி சேவர் என்றால் சார்ஜ் ஏறியதும் பழையபடி ஆக வேண்டாமா?

---

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ் | சனி, இரவு 10.40

கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் போன் ரிப்பேர் செய்கிறேன். பதினோரு வருடமாக இந்த மாதிரி போன்களைக் கையில் வாங்கிப் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கவனித்ததுதான் இதில் முக்கியமான தடயம். "திரை சீக்கிரம் அணைகிறது" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, செட்டிங்ஸில் இப்போது என்ன நேரம் நிற்கிறது என்பதைத்தான்.

அங்கே 10 நிமிடம் என்றே இருந்து, திரை மட்டும் முன்னாடியே அணைந்தால், அந்த நேரத்தை மதிக்காமல் மேலிருந்து வேறு ஏதோ வெட்டுகிறது. பேட்டரி சேவராக இருக்கலாம். அலுவலக மெயிலைப் போனில் ஏற்றியிருந்தால் அலுவலகம் வைத்த கட்டுப்பாடாக இருக்கலாம். அப்படி இருந்தால் பெரும்பாலும் அந்த மெனுவில் நீண்ட நேரங்களைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, நிர்வாகி முடக்கியதாக எழுதியிருக்கும். காந்தம் வைத்த மூடிக் கவர் போட்டிருந்தாலும் இப்படி ஆகும். கவரை மூடினால் திரை அணைய வேண்டும் என்பதற்காகச் சில போன்களில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கிறது. கவரை மடக்கிப் பின்னால் தள்ளும்போது அந்தக் காந்தம் சென்சார் பக்கம் வந்தால், மூடிவிட்டார்கள் என்று போன் எண்ணிக்கொள்ளும்.

உங்களுக்கு அப்படி இல்லை. எழுதி வைத்த எண்ணே மாறியிருக்கிறது. பத்து நிமிடத்தை ஆண்ட்ராய்டு உள்ளுக்குள் 6,00,000 மில்லிவிநாடி என்று ஒரு இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். அதை யாரோ அழித்து 15,000 என்று எழுதுகிறார்கள். சேவரே எழுதிவிட்டுத் திருப்பி வைக்காமல் போகிற போன்களையும் பார்த்திருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் அது ஒரு ஆப்பின் வேலை.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, இந்த எண்ணைத் தொட வேண்டும் என்றால் ஆப்புக்குத் தனி அனுமதி வேண்டும். கேமரா, மைக் அனுமதி கேட்கிற மாதிரி நடுவில் ஒரு பெட்டி வந்து கேட்காது. செட்டிங்ஸுக்குள் ஒரு பக்கத்துக்குக் கூட்டிப் போய் ஒரு சுவிட்சைப் போடச் சொல்லும். அவசரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பட்டியல் இருக்கும் இடம்: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், மாடிஃபை சிஸ்டம் செட்டிங்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் மாடிஃபை என்று ஆங்கிலத்தில் அடியுங்கள்.

அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் என்னென்ன என்று பார்த்து இங்கே எழுதுங்கள். போன் சுத்தப்படுத்துகிறேன், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லும் ஆப் எதுவும் இருந்தால் என் சந்தேகம் அதன்மேல்தான்.

---

புளியரை டீச்சர் | ஞாயிறு, காலை 7.15

திரை சுற்றுவதைப் பற்றி நான் சொல்கிறேன். செங்கோட்டை தாண்டி எல்லையோரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை. பிள்ளைகளுக்குப் போனில் படம் காட்டும்போது மேசையில் படுக்க வைத்துச் சுற்றி உட்காரச் சொல்வேன். படுக்க வைத்தபின் எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் திரும்பவே திரும்பாது. போன் கெட்டுப்போய்விட்டது என்றே கொஞ்ச நாள் நினைத்தேன்.

போனில் இருக்கும் சென்சார் பூமி இழுக்கும் திசையை வைத்துத்தான் எது மேல், எது கீழ் என்று முடிவு செய்யும். மேசையில் மல்லாக்கப் படுத்திருந்தால் அந்த இழுப்பு முழுக்கப் போனின் முதுகுப் பக்கமாகப் போகிறது. நீளவாக்கிலும் இல்லை, அகலவாக்கிலும் இல்லை. எதை வைத்து அது திருப்பும்? கையில் எடுத்து நிமிர்த்தி, படம் திரும்பியதும் மேசையில் வைத்தால் அப்படியே நிற்கும்.

இப்போது ஆட்டோ ரொட்டேட்டை அணைத்தே வைத்திருக்கிறேன். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு வசதி உண்டு. ஆட்டோ ரொட்டேட் அணைந்திருக்கும்போது போனைச் சாய்த்தால் திரையின் கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழல் பொத்தான் தலைகாட்டும். வேண்டும் என்றால் தொடலாம். தொடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். வளைவில் ஜீப் எப்படிப் புரண்டாலும் அந்தப் பொத்தான்தான் வரும், திரை புரளாது. நீங்கள் தாராளமாக இதையே செய்யலாம் தம்பி.

---

சித்தூர் மாணவன் | ஞாயிறு, காலை 10.20

ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காடு சித்தூர். இயற்பியல் படிக்கிறேன், ஜீப் விஷயம் எனக்குப் பிடித்த கணக்கு என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சென்சாரின் பெயர் ஆக்சிலரோமீட்டர். அதற்குப் புவி ஈர்ப்பும் வண்டி தள்ளுவதும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியாது. குண்டு குழியில் தூக்கிப் போடுவதை ஆண்ட்ராய்டு ஓரளவு சமாளிக்கும். குலுக்கல் நிற்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் திரையைத் திருப்பும். ஆனால் கொண்டை ஊசி வளைவு குலுக்கல் மாதிரி வெட்டென்று வந்து போவதில்லை. சில விநாடி ஒரே பக்கமாக நிதானமாகத் தள்ளுகிறது. அதைப் போன் சாய்வு என்றே எடுத்துக்கொள்ளும்.

அண்ணன் அநேகமாகப் போனை மடியில், கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்துப் படிக்கிறார். டீச்சர் சொன்ன மேசைக் கதையின் பாதி அது. அப்படிப் பிடித்தால் 9.8 என்கிற ஈர்ப்பில் பெரும்பகுதி முதுகுப் பக்கம் போய்விடும், திரையின் நீளவாக்கில் கொஞ்சம்தான் மிச்சம். வளைவில் பக்கவாட்டுத் தள்ளல் அந்த மிச்சத்தைத் தாண்டினால் போதும், திரை புரளும். மார்புக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் அதே வளைவில் பெரும்பாலும் புரளாது. ஒரு தடவை இரண்டு விதமாகவும் பிடித்துப் பாருங்கள்.

---

மெட்டுக்காரன் | ஞாயிறு, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னது சரி, மடியில் வைத்துத்தான் படிக்கிறேன். ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டேன்.

சர்வீஸ் அண்ணா, பட்டியலைத் திறந்தேன். நான்கு ஆப்கள் இருந்தன. இரண்டு போனோடு வந்தவை. மூன்றாவது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆப், நான் போட்டதுதான். நான்காவது நீங்கள் சொன்ன மாதிரியே சுத்தப்படுத்தும் ஆப். போன் வாங்கிய அன்று கடைப் பையன் ஏற்றிக் கொடுத்தது. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே "பேட்டரி மேம்பாடு" என்று பெரிய பொத்தான். அவ்வப்போது அறிவிப்பு வரும், நானும் தொட்டுவிடுவேன். தொட்டால் ப்ளூடூத்தை அணைக்கிறது, வெளிச்சத்தைக் குறைக்கிறது, திரை நேரத்தை 15 விநாடியாக்குகிறது. மூன்றும் அந்தப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. ஒன்றரை வருடமாக அந்தப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு இருந்தது என் விரல்தான்!

நீக்கிவிட்டேன். நேரத்தை மறுபடி 10 நிமிடமாக வைத்திருக்கிறேன், வாரம் முழுக்கப் பார்த்துச் சொல்கிறேன்.

பாக்கெட் விஷயத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள். முதலாளி முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

---

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ் | ஞாயிறு, இரவு 10.15

பிடிபட்டதில் சந்தோஷம். பாக்கெட்டுக்கு வருவோம்.

திரை எதனால் எழுகிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். பவர் பட்டன், கைரேகை, திரையை இரண்டு தட்டுத் தட்டுவது, போனைத் தூக்குவது, அறிவிப்பு வருவது, சார்ஜர் செருகுவது. இதில் இரட்டைத் தட்டும் தூக்குவதும்தான் பாக்கெட்டில் வம்பு செய்யும். ஈரச் சட்டைக்குள் போன் இருந்தால் துணி திரையில் ஒட்டி ஒட்டி விலகும். தொடுதிரை மின்னூட்ட மாற்றத்தை வைத்துத்தான் விரலை உணர்கிறது. ஈரத் துணிக்கும் ஈர விரலுக்கும் அதற்கு அத்தனை வித்தியாசம் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டியபோது "தொடுவது சரியாக ஏறவில்லை" என்று கடையில் டச் சென்சிடிவிட்டி என்பதைப் போட்டுவிட்டார்களா? டிஸ்ப்ளே மெனுவில் அது இருக்கும். கிளாஸுக்கும் கையுறைக்கும் நல்ல வசதி. அதே கூடுதல் உணர்வுதான் பாக்கெட்டில் துணியையும் விரலாக எடுக்க வைக்கும்.

அடுத்தது ப்ராக்சிமிட்டி சென்சார். அழைப்பில் போனைக் காதில் வைத்தால் திரையை அணைப்பது அதுதான். பாக்கெட் மோட், தவறுதல் தொடல் தடுப்பு என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயரில் வைத்திருக்கும் வசதிக்குப் பல போன்களில் இதுவே கண். முன்னால் ஏதோ மூடியிருக்கிறது, அப்படியானால் பாக்கெட்டில் இருக்கிறோம் என்று தொடுதலை விட்டுவிடும். ஆகவே சென்சாரும் ஒழுங்காக இருக்க வேண்டும், அந்த வசதியும் போட்டிருக்க வேண்டும்.

போன மாதம் என் கடைக்கு ஒரு அம்மா வந்தார். அழைப்பு எடுத்த உடனே திரை கறுத்துவிடுகிறது, பேசி முடித்தும் எழவில்லை, எதிர்ப்பக்கம் பேசுகிறவர் துண்டித்தால்தான் அழைப்பு நிற்கிறது என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிளாஸை யாரோ ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதன் கறுப்பு ஓரம் ஸ்பீக்கர் பிளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணைப் பாதி மறைத்திருந்தது. போதாததற்குப் பிளவுக்குள் மாவும் எண்ணெயுமாக அடைத்திருந்தது. பலகாரக் கடை நடத்துகிறவர். கிளாஸைக் கழற்றி, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் பிளவைத் துடைத்தேன். உடனே சரியாகிவிட்டது. ஊசியால் குத்தவே கூடாது, உள்ளே வலை கிழியும்.

சோதிக்க வழி இருக்கிறது. சாம்சங்கில் டயல் பேடில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் வரும், அதில் சென்சார் என்பதைத் தொட்டுக் கையை மேலே மறைத்துப் பாருங்கள், எண் மாறும். ஷாவ்மியில் *#*#6484#*#*. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில போன்களில் இந்தக் கண்ணே கிடையாது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துக் கணக்கிடும். 2016-இலேயே ஷாவ்மியின் மி மிக்ஸ் அப்படித்தான் வந்தது. அந்த வகையில் ஸ்பீக்கர் பிளவு அடைத்தால் வேலை கெடும், துடைப்பது இன்னும் முக்கியம்.

---

நகரி தறிக்காரர் | திங்கள், காலை 8.05

தூக்கினால் எழும் வசதியைப் பற்றி என் அனுபவம். எனக்கு விசைத்தறி. போனைத் தறிச் சட்டத்தின் மேலேயே வைத்திருப்பேன். தறி ஓடும் வரை திரை எரிந்து எரிந்து அணையும், மத்தியானத்துக்குள் பேட்டரி காலி. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் அதே கதை. கடைசியில் என் மகள்தான் கண்டுபிடித்தாள். தறியின் அதிர்வை யாரோ தூக்குகிறார்கள் என்று போன் எடுத்துக்கொண்டிருந்தது. தூக்கினால் எழு என்பதை அணைத்தேன், அன்றைக்கே நின்றது. பேட்டரிக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

ஜீப்பில் இதே குலுக்கல் இருக்கும். மத்தியானத்துக்குள் உங்கள் சார்ஜ் 20-க்கு இறங்குவதில் சிக்னலுக்கு ஒரு பங்கு, இதற்கு ஒரு பங்கு இருக்கலாம். அணைத்துப் பாருங்கள் தம்பி.

---

குமுளி கடைக்காரி | திங்கள், மதியம் 2.30

எல்லாம் படித்தேன். ஒரே ஒரு கவலை. திரையை 10 நிமிடம் எரியவிடுவது சரியா? என் கடையில் போன் கல்லாப் பக்கத்தில் கிடக்கும். சுற்றுலாக்காரர்கள் கூட்டம். பணம் அனுப்பும் ஆப் அதில்தான் இருக்கிறது. நான் உள்ளே ஏலக்காய் அளக்கப் போய்த் திரும்பும் நேரத்தில் திறந்த போனை யார் எடுத்தாலும் போச்சு. தோட்டத்திலும் போனை மேசையில் வைத்துவிட்டுச் சாக்கைத் தூக்கப் போவீர்கள்தானே?

---

சித்தூர் மாணவன் | திங்கள், மாலை 5.45

அக்கா சொல்வது நியாயம். திரை அணைவதும் போன் பூட்டிக்கொள்வதும் தனித்தனி விஷயம். பல பேர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறோம்.

செக்யூரிட்டி மெனுவில் ஸ்கிரீன் லாக்குக்குப் பக்கத்தில் சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதைத் தொட்டால், திரை தானாக அணைந்து எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும் என்று கேட்கும். உடனே, 5 விநாடி, 30 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று இருக்கும். அதன் கீழேயே, பவர் பட்டனை அழுத்தினால் உடனே பூட்டு என்று ஒரு சுவிட்ச்.

மெட்டுக்கார அண்ணன் திரையை 1 நிமிடத்தில் அணைய விடட்டும், பூட்டு 5 நிமிடம் கழித்து விழட்டும், பவர் பட்டன் சுவிட்ச் போட்டே இருக்கட்டும். இடையில் திரை அணைந்தாலும் இரண்டு தட்டில் பட்டியல் அப்படியே எழும். ஈரக் கையில் பேட்டர்ன் போட வேண்டியதில்லை. எழுந்து போகும்போது பட்டனை ஒரு அழுத்து. கூட்டம் புழங்கும் கடைக்கு இது ஆகாது அக்கா, நீங்கள் "உடனே" என்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ் | திங்கள், இரவு 10.30

தம்பி சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு சிறு திருத்தம். இரட்டைத் தட்டை வைத்துக்கொள்வதானால் பாக்கெட் மோடும் சேர்த்தே இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் போன் பூட்டில்லாமல் இருக்கிறது, அந்த நேரத்தில் பாக்கெட்டில் போட்டால் மறுபடி முதலாளிக்கு மணி அடிக்கும். ஆகவே பாக்கெட்டில் போடும் முன் பவர் பட்டன், தவறவே கூடாது.

---

மெட்டுக்காரன் | சனி, இரவு 8.50

ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திரை நேரம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. தம்பி சொன்னபடி 1 நிமிடம், பூட்டு 5 நிமிடம். டச் சென்சிடிவிட்டி போட்டுத்தான் இருந்தது, நான் கேட்டதே இல்லை. அணைத்தேன். கிளாஸ் கொஞ்சம் தடிமன், காய்ந்த விரலுக்கு இப்போதும் சரியாகவே எடுக்கிறது. ஈர விரலுக்குத் தகராறு செய்கிறது, அதற்காகத் தராசுக் கொக்கியில் ஒரு பழைய துண்டைக் கட்டிவைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் முன் கட்டைவிரலைத் துடைக்கிறேன். தூக்கினால் எழுவதையும் அணைத்தேன். நேற்று எடை போடும்போது சார்ஜ் 34. நகரி அண்ணன் வாக்கு பலித்தது.

வியாழக்கிழமை நல்ல மழை. 43 பேருக்கு எடை போட்டேன், பேட்டர்ன் போட்டது மூன்றே தடவை. ஐந்தரைக்கு முன்னாலேயே எல்லோரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். கடைசிச் சாக்குக்கு நின்ற அக்கா, "இன்னைக்கு என்னப்பா சீக்கிரம்" என்று கேட்டார்கள்.

டீச்சர், அந்தச் சுழல் பொத்தான் ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்க்கிறது, நான் தொடுவதில்லை.

சர்வீஸ் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அந்த அக்கா போனிலும் அழைப்பு எடுத்ததும் திரை கறுத்துவிடுகிறதாம். ஸ்பீக்கர் பிளவுக்கு மேலே கிளாஸ் ஓரம் ஏறித்தான் இருக்கிறது. கழற்றினால் கீழே இருக்கும் திரைக்கு ஏதாவது ஆகுமா? நாளைக்கு ஞாயிறு, வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றார்கள்.

---

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ் | சனி, இரவு 11.05

ஒன்றும் ஆகாது, பொறுமையாகச் செய்தால். திரையை அணைத்துவிட்டு, முடி உலர்த்தும் கருவி இருந்தால் எட்டி வைத்து அரை நிமிடம் இளஞ்சூடு காட்டுங்கள், பசை இளகும். பிறகு ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளம்பியதும், பழைய ரீசார்ஜ் அட்டை மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை உள்ளே விட்டு மெதுவாக நகர்த்துங்கள். மேலே தூக்கி இழுக்க வேண்டாம். ஏற்கெனவே விரிசல் விட்ட கிளாஸ் என்றால் கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறும், மேலே அகலமான செலோடேப் ஒட்டிக்கொண்டு எடுங்கள். எடுத்ததும் கிளாஸ் இல்லாமல் ஒரு அழைப்புப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கறுத்தால் பிளவைத் துடைத்துவிட்டு, போன் மாடலை இங்கே எழுதுங்கள்.